இரண்டாவது கையெழுத்து

காதில் புது மிஷின் பொருத்திய மூன்றாம் நாள் அண்ணி என்னோடு சரணாலயத்துக்கு வந்தாள். ரயில் பாதைக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் நடுவே நகரம் விட்டுவைத்திருக்கும் சதுப்பு நிலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குழு அங்கே நடந்து பறவைகளைக் கணக்கெடுக்கும். அண்ணி முப்பது வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவள். மெல்லிய சத்தங்களையெல்லாம் அந்த மில் தின்றுவிட்டது. கண்ணில் பட்ட பறவையை மட்டும்தான் அவள் நோட்டில் எழுதுவாள்.

"மிஷின் மாட்டினதும் முதல்ல கேட்டது உங்கண்ணன் குறட்டைதான்" என்றாள். "கழட்டி வச்சுடலாமான்னு ஆயிடுச்சு."

அவள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது நான் பாதை வளைவைத் தாண்டியிருந்தேன். அந்த நாணலுக்குள் ஒளிந்தே திரியும் ஒரு கதிர்க்குருவி இருக்கிறது. ஆறு வருடமாக என் பட்டியலில் ஏறாத குருவி. அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று பதறி வெளியே வரும். கூடு கட்டும் காலத்தில் அதைச் செய்தால் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார்கள். தெரிந்துதான் செய்தேன். பத்து வினாடி, சத்தத்தைக் குறைத்து வைத்து.

குருவி வரவில்லை. அண்ணிதான் வந்தாள், ஒரு லேஸ் மண்ணில் இழுபட.

"ஏய், கேட்டியா? தூரத்துல தையல் மிஷின் ஓடுற மாதிரி இருக்கும்னு சொல்லுவியே, அதானே?" அவள் கண்கள் நிறைந்திருந்தன.

போனைப் பைக்குள் நழுவவிட்டேன். "ஆமா அண்ணி."

அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அன்று முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நொடி எனக்குத் தெரிந்தது அண்ணியின் முகமல்ல, குழுத் தலைவரான பல் டாக்டரின் முகம்.

வாசலில் இருக்கும் பதிவேட்டில், கண்ணால் பார்க்காமல் குரலை மட்டும் கேட்ட பறவையை எழுத வேண்டுமென்றால் இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும். அண்ணி முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் போட்டேன். ஆபீசில் ஒரு தாளை மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள் நான்.

அந்த வரியைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு முப்பது பேர் வந்திருந்தார்கள். முழங்கை நீளத்துக்குக் கேமராக்கள். இரண்டு மணி நேரம் நாணலையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறியது. நீர்க்கோழி ஒன்று குறுக்கே நீந்திப் போனது, அவ்வளவுதான்.

"மேடம், உங்க மிஷின்ல ரேடியோவும் எடுக்குமோ?" என்றார் ஒரு கேமராக்காரர். சிலர் சிரித்தார்கள்.

"சும்மா இருங்க சார்" என்றார் பல் டாக்டர். பிறகு அண்ணியிடம், "தப்பா நினைக்காதீங்கக்கா. புது மிஷின்ல பூச்சி சத்தம்கூட அப்படிக் கேட்கலாம். அடிச்சுடலாமா அந்த வரியை?"

"என் காதை நம்பவேணாம் டாக்டர். இவளும் கேட்டாளே! இவளுக்குப் பாம்புக் காது. சொல்லேன்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தூரத்துலதான்... சரியா ஞாபகமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பொய்யைக்கூட நான் அவளோடு சேர்ந்து சுமக்கவில்லை.

அண்ணி ஒரு காதிலிருந்தும் மறு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றி, சின்னப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடினாள். "சரிதான். பூச்சியா இருக்கும்" என்றாள், தன் குரலே தனக்குக் கேட்காதவர்கள் பேசும் அந்தப் பழைய உரத்த குரலில். "நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். எனக்கெதுக்கு இந்த வயசுல இதெல்லாம்."

பையைத் திறந்து போனை எடுத்தேன். சத்தத்தை முழுதாக ஏற்றி அழுத்தினேன்.

முப்பது தலைகளும் சட்டென்று நாணலை நோக்கித் திரும்பின. கேமராக்கள் உயர்ந்தன. மறுகணம் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து என் கைப்பக்கம் வந்தன. பல் டாக்டரின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அது நான் பயந்தபடியே இருந்தது, ஆனால் அது பெரிதாகத் தெரியவில்லை.

அண்ணிக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. தலைகள் திரும்பியதை மட்டும்தான் பார்த்திருந்தாள். நாணலை நோக்கி எட்டிப் பார்த்தபடி என் முழங்கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வந்துடுச்சா? நான் சொன்னேன்ல! எங்க, எங்க?"

பெட்டி அவளுடைய இன்னொரு கையில் மூடியபடி இருந்தது. அவளுக்குக் கேட்க வேண்டுமென்றால், அன்றும் பாடியது இந்தப் போன்தான் என்று அத்தனை பேர் நடுவில் நான் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

கத்தினேன்.