உள்பூச்சு

பிழிந்த போர்வையைக் கொடியில் போடக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். குருவி ஒரு நீளமான வைக்கோலைக் குறுக்கே கவ்விக்கொண்டு, கிளையில் தொங்கிய குட்டி மரவீட்டின் துளை விளிம்பில் உட்கார்ந்திருந்தது. வைக்கோல் துளையைவிட அகலம். முட்டியது, பின்வாங்கியது, மறுபடியும் முட்டியது. பிறகு தலையைச் சாய்த்து, வைக்கோலின் ஒரு முனையை முதலில் நுழைத்து, அதன் பின்னாலேயே தானும் உள்ளே போனது.

போர்வையின் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி அவள் இடுப்பை நனைத்தது. அவள் அசையவில்லை. மனதுக்குள் எண்ணினாள். பதினான்கில் குருவி வெளியே வந்தது, வாயில் வைக்கோல் இல்லாமல்.

கூவ வேண்டும்போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஈரப் போர்வையோடு, பஸ் போகும் சாலையைப் பார்த்து. நேற்று அண்ணியைப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போதிருந்து வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. பாத்திரங்கள்கூடச் சத்தமில்லாமல்தான் கழுவப்பட்டன.

அண்ணியிடம் சொல்ல வேண்டும். அதுதான் முதலில் தோன்றியது. குருவி போனது எந்த வீட்டுக்குள் என்பது அதற்கடுத்துத்தான் உறைத்தது. அது அவளைப் பிடித்து நிறுத்தியது.

அண்ணி முப்பத்தொரு வருடம் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வாரமே, வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் கிடந்த ஏழடி அகலத் தோட்டத்தில் குருவி வீடுகளை மாட்டத் தொடங்கினார். மஞ்சள் வீட்டுக்குச் சிவப்புக் கூரை. நீல வீட்டுக்கு வெள்ளை ஜன்னல், வரைந்தது. கிளிப்பச்சை, ஆரஞ்சு, ஊதா. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குட்டி நம்பர் பிளேட், ஒன்றிலிருந்து பதினொன்று வரை. சிக்னலில் நிற்கும் பஸ்ஸிலிருந்து ஜனங்கள் போட்டோ எடுப்பார்கள். சாம்பல் கட்டடங்களுக்கு நடுவில் யாரோ மிட்டாய் டப்பாவைக் கொட்டிவிட்டதைப்போல அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.

குருவிதான் வரவில்லை. ஆறு வருடத்தில் ஒன்றுகூட. மாடி வீட்டுத் தபால்காரர் தினமும் படியிறங்கும்போது கேட்பார்: "இத்தனை நம்பர் போட்டிருக்கீங்க, ஒரு வீட்டுக்காவது லெட்டர் வருதா?"

அண்ணிக்கு ஒரு விதி உண்டு. வெளியே எப்படியோ, உள்ளே மூன்று பூச்சு எனாமல் பெயிண்ட் காயாமல் எந்த வீடும் மேலே ஏறக்கூடாது. "உள்ள சுத்தமா இல்லாத வீட்டுக்கு எவன் குடி வருவான்?" என்பார். சின்ன பிரஷ்ஷைத் துளைக்குள் விட்டு, கண்ணை இடுக்கி, மூலை மூலையாகத் தடவுவார்.

பன்னிரண்டாவது வீடு பூச்சே இல்லாத வெறும் பலகை வீடாக இருந்தபோது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் அது மேசைமேல் கிடந்தது. ஒரு நாள் அதை எடுத்து அப்படியே கிளையில் மாட்டினாள். துணி வெட்ட மேசை வேண்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தையல்காரிக்கு மேசை வேண்டாமா? ஆனால் கம்பியை முறுக்கியபோது கையில் ஏறிய சூடு மேசைக்கானது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அண்ணி இந்த வீட்டுக்குள் வந்தார். அன்றிலிருந்து அவள் ஜடையின் வகிடுமுதல் ரேடியோவின் சத்தம்வரை அண்ணி சொன்னதுதான். அண்ணன் போன பிறகும் அப்படியே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூன்று பூச்சு இல்லாமல் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றிருந்தது.

இப்போது குருவி அதற்குள்தான் போகிறது.

ஆனாலும் கால் தானாக ஓடியது. பின்னறையில் நர்ஸ் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணியின் மகன் கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நேற்று வந்ததிலிருந்து அவன் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவன் பையில் துண்டைத் தேடியபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று தனியாக மடித்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

"அண்ணி, குருவி வந்திருக்கு."

அண்ணியின் கண்கள் திறந்தன. நேற்றிலிருந்து பாதிதான் திறந்தன. இப்போது முழுதாக.

"எங்க?"

"நம்ம தோட்டத்துல. வைக்கோலோட உள்ள போயிட்டு வருது. கூடு கட்டுது."

"எந்த நம்பர்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். "இலை மறைச்சுது அண்ணி. சரியாத் தெரியல."

"ஊசியில நூல் கோக்கறவளுக்கு வீட்டு நம்பர் தெரியலையாம்." மூச்சு வாங்கியது. மூக்கிலிருந்த குழாயை விரலால் சரிசெய்தார். "மஞ்சளா? ஊதாவா?"

"அந்தப் பக்கந்தான்."

"எந்தப் பக்கம் குட்டி? என்னைத் தூக்குங்க. நானே பாத்துக்கறேன்."

மகன் எழுந்தான். "அம்மா, அசையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"குருவி டாக்டர் வீட்டுக்கா வந்திருக்கு?"

எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள். நர்ஸ் மணிக்கட்டை மெதுவாகப் படுக்கையில் வைத்தாள். "வேண்டாம்னுதான் நான் சொல்லணும்" என்றாள். பிறகு ஆக்ஸிஜன் சிலிண்டரின் சக்கரத்தைக் காலால் நேராக்கினாள்.

சேதி கொண்டுவந்தவள் மாடிப்படியில் நின்று தபால்காரரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, பாதி சவரத்தோடு இறங்கி வந்தார். அண்ணி படுத்திருந்த போர்வையின் நான்கு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். நர்ஸ் ஒரு கையால் முனையைப் பிடித்து மறுகையால் சிலிண்டரை இழுத்தாள். கூடத்தில் திரும்பும் இடத்தில் மகனின் முதுகு பீரோவில் இடித்தது.

"ரிஜிஸ்டர் தபாலும்மா நீங்க" என்றார் தபால்காரர், மூச்சிரைக்க. "போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போட்டுடணும்."

"லேட்டானா புகார் எழுதுவேன்" என்றார் அண்ணி போர்வைக்குள்ளிருந்து.

மகனின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பாக இருக்கலாம். அவளுக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. அண்ணியின் எடை இவ்வளவுதானா என்று கை நம்ப மறுத்தது. கடைசி நாளில் ஒருவருக்கு என்ன காட்டப் போகிறோம்? நீங்கள் ஆறு வருடம் செய்தது தப்பு என்றா?

முன்னறை சோபாவை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, மூன்று தலையணை வைத்துச் சாய்த்தார்கள். தோட்டம் முழுதும் தெரிந்தது. பதினொரு வண்ணமும் காலை வெயிலில் கண்ணைக் குத்தின. கிளையின் நடுவில் அந்தப் பலகை.

ஒரு பஸ் போனது. இன்னொன்று நின்றது. மதில்மேல் வந்து உட்கார்ந்தது குருவி. இந்தத் தடவை வாயில் பஞ்சு. மஞ்சள் வீட்டுக் கூரைக்குத் தாவியது. அண்ணியின் விரல்கள் அவள் கையை இறுக்கின. குருவி அங்கிருந்து நேராகப் பலகை வீட்டுக்குப் பறந்து உள்ளே நுழைந்தது.

"அது என்னது?"

"பன்னெண்டாவது அண்ணி. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான்தான் மாட்டினேன்."

"பெயிண்ட்?"

"அடிக்கல."

"உள்ள?"

"உள்ளயும் அடிக்கல."

இறுக்கிய விரல்கள் தளர்ந்தன. தபால்காரர் தன் சவரம் செய்யாத கன்னத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணியின் பார்வை பலகையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து நீலத்துக்கும் நகர்ந்து, ஒவ்வொரு நம்பராகப் பதினொன்றுவரை போய்த் திரும்பியது. பிறகு அவர் தோள் குலுங்கியது. நர்ஸ் பதறிக் குனிந்தாள். அது சிரிப்பு.

"எனாமல்" என்றார். "லாரி நம்பர் பிளேட்டுல மழைத்தண்ணி நிக்காம வழியறதுக்கு அடிக்கிறது. அதை உள்ள அடிச்சிருக்கேன், மூணு தடவை. குருவிக் குஞ்சு எதைப் பிடிச்சு ஏறும்? வழுக்குமரம் கட்டி வச்சிருக்கேன் குட்டி, பதினொரு வழுக்குமரம்."

"அண்ணி, நான் வேணும்னு..."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? முன்னாடியே?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல இது நாள் இல்லை. "அந்த நாத்தம் குருவிக்குப் பிடிக்காதோன்னு தோணும்."

"சொல்றதுக்கென்ன?"

பதிலுக்கு அண்ணி காத்திருக்கவில்லை. கன்னத்தில் ஒரு நிறம் வந்திருந்தது. "எல்லாத்தையும் கழட்டு. கூரைக்கு நாலு ஸ்க்ரூதான். உள்ள மட்டும் சுரண்டு. வெளியில ஒரு கீறல் விழக்கூடாது."

"இன்னைக்கேவா அம்மா?" என்றான் மகன்.

"பின்ன, அடுத்த வாரமா?"

அதற்கு அண்ணி ஒருவர்தான் சிரித்தார்.

"இங்க வச்சுச் சுரண்டாதீங்க, குருவி பயப்படும். சமையலறைச் சந்துக்குப் போங்க. அது வந்து போறதை நான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

சந்தில் பழைய பேப்பரை விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். உப்புத்தாள், பட்டி பார்க்கும் தகடு, அவளுடைய பழைய கத்தரிக்கோல். எனாமல் சுலபத்தில் விடவில்லை. ஒரு பூச்சுக்குக் கீழே இன்னொரு பூச்சு, நீலத்துக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே மறுபடியும் நீலம். தபால்காரர், "பேங்க் லாக்கர்கூட இவ்வளவு பந்தோபஸ்தா இருக்காது" என்றார். சமையலறை ஜன்னலில் நர்ஸின் தலை அடிக்கடி முளைத்தது.

"மூலையை விட்டுடுவீங்களாம். விடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

பிறகு: "பதினேழாவது தடவை. இப்ப இறகு கொண்டு வந்துதாம்."

பிறகு: "இன்னொரு குருவியும் வந்திருக்காம். ஜோடியாம்."

இதைக் கேட்டதும் மகன் கையிலிருந்த வீட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான், பந்தயத்தில் ஜெயித்தவனைப்போல. சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தான். பனியனெல்லாம் சிவப்புத் தூள். "அத்தை, எனக்குப் பத்து வயசுல அம்மா என் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் மாட்டினாங்க. ஸ்கூல்ல எல்லாப் பசங்களும் லைசென்ஸ் கேட்டானுங்க." அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த உப்புத்தாள் நழுவியது.

சந்தோஷமாக இருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. உள்ளே ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். சந்தில் கல்யாண வீடு மாதிரி சத்தம். ஆனால் இந்தச் சத்தத்தை உண்டாக்கியவர் அவர்தானே. நாற்பத்தாறு வருடமாக, சரி என்று நினைத்ததைச் சொன்னால் இந்த வீட்டில் எதுவோ உடைந்துவிடும் என்று வாயைக் கட்டியிருந்தாள். இன்று சொன்னாள். உடைந்து கிளம்பியது சிரிப்புத்தான்.

எட்டு வீடு முடிந்தது. நாலாம் நம்பரின் கூரையைக் கழற்றிய மகன், "இதுக்குள்ள நடுவுல ஒரு சுவர் இருக்கே" என்றான். இரண்டு அறை உள்ள வீடு. அண்ணி ஏதோ உற்சாகத்தில் வைத்தது. "இதை எடுக்கறதா, விடறதா?"

"கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தாள். மடியிலிருந்த தூளை உதறினாள்.

முன்னறையில் நர்ஸ் குனிந்து சிலிண்டரின் குமிழை மூடிக்கொண்டிருந்தாள். அண்ணி தலையணையில் சாய்ந்தபடியே இருந்தார். முகம் ஜன்னல் பக்கம். அடுத்த எண்ணைச் சொல்லப் போகிறவரைப்போல உதடு லேசாகப் பிரிந்திருந்தது. வெளியே குருவி வந்து, உள்ளே போய், மறுபடியும் வந்தது.

நர்ஸ் நிமிர்ந்தாள். "இப்பதான்" என்றாள். "இருபத்தாறுன்னு சொன்னாங்க. நான் எழுதி வைக்கத் திரும்பினேன்."

அவள் அண்ணியின் கையைத் தொட்டாள். கையில் இன்னும் சூடு இருந்தது. புறங்கையில் அவளுடைய விரலின் நீலத் தூள் படிந்தது. அதைத் துடைக்கவில்லை.

சந்திலிருந்து சுரண்டும் சத்தமும், தபால்காரர் ஏதோ சொல்ல மகன் வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டன.

"மகனைக் கூப்பிடட்டுமா?"

"அஞ்சு நிமிஷம்" என்றாள்.

சமையலறை வழியாகச் சந்துக்குத் திரும்பினாள். மகன் நாலாம் நம்பரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஸ்க்ரூ டிரைவரோடு காத்திருந்தான்.

"என்ன அத்தை, எடுக்கணுமா?"

"எடுத்துடு" என்றாள்.

அவன் நெம்பினான். சுவர் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே தங்கிய தூளைப் போக்க வாயை வைத்து ஊதினான். எல்லாம் அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. இமை, புருவம், மூக்கு நுனி எங்கும் சிவப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தான். தபால்காரரும் சிரித்தார். அவள் அவன் எதிரில் மண்டியிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் இமைமேலிருந்த தூளை ஒதுக்கத் தொடங்கினாள்.

"போயிடுச்சா அத்தை?"

"இன்னும் இல்ல. கண்ணைத் திறக்காதே" என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே இரு."