எட்டாவது ஆப்பு

முசலியில் எங்கள் ஆட்டுக்கொட்டில் ஒழுகத் தொடங்கிய வருடம், என் புருஷன் சரிபுதீன் றஹீமாவுக்கு மாட்டுக்கொட்டில் கட்டினார். கட்டட்டும், அவர் தொழில் அது. முத்துக்குளிப்பு பார்க்க வரும் வெள்ளைக்காரத் துரைமாருக்கே குதிரை லாயம் கட்டியவர். ஆனால் றஹீமா அவருடைய மாமி மகள். நான் வருவதற்கு முன் அவருக்கென்று பேசி வைத்திருந்தவள். இப்போது கைம்பெண். அவள் வீட்டு வேலை என்றால் மனுஷனுக்கு விடியமுன் தானாக விழிப்பு வந்துவிடும்.

அவளுக்கு வைரம் பாய்ந்த பனையாகப் பார்த்து எடுத்தார். கறையான் ஏறாதபடி கால்களின் அடியைச் சுட்டு, சுறா எண்ணெய் பூசி நட்டார். எங்கள் கொட்டிலுக்கு வெறும் பூவரசங் கம்பு.

"எங்கட ஆடு நனைஞ்சால் பரவாயில்லையோ?" என்று கேட்டேன்.

"மாடு பாரமல்லோ, பாத்தும்மா. முட்டினால் தாங்க வேணும்."

பாரமாம்.

காலும் கூரையைத் தாங்கும் வளை மரமும் பொருந்தும் எட்டு இடத்திலும் பிஸ்மி சொல்லி ஒவ்வோர் ஆப்பு அடிப்பார். ஒவ்வொன்றிலும் தன் அடையாளமாக ஒரு பிறை கீறியிருப்பார். கொட்டில் முடிந்த மறுநாள் மத்தியானம், றஹீமா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, மூலை ஆப்பு ஒன்றைக் கல்லால் தட்டிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். கூரை கொஞ்சம் சரியட்டும், அவளுடைய பெருமை போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் வாடைக்காற்று புயலாக அடித்தது. நான் உம்மா வீட்டில் இருந்தேன். எங்கள் கொட்டில் தாங்காது என்று அவர் எங்கள் ஆடுகளை றஹீமாவின் கொட்டிலில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். வளை விழுந்து எங்கள் நாலு ஆடும் அவளுடைய பசுவும் செத்தன.

அவர் இடிபாட்டைக் கிளறி ஆப்புகளைப் பொறுக்கினார். ஏழுதான் கிடைத்தன.

"ஒண்டை அடிக்க மறந்திட்டன்," என்றார். ஊரும் அதையே சொன்னது. றஹீமா மட்டும், "மச்சான் மறக்கிற ஆளில்லை," என்றாள். அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவர் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நான் ஆசைப்பட்டது அதுதானே. ஆனால் வேறெங்கும் போகவுமில்லை. நானாட்டானிலிருந்து சிங்கராசா என்ற கமக்காரர் நெல்லுக் கொட்டில் கட்டித்தரக் கேட்டு வந்தார்.

"வேற ஆளைப் பாருங்கோ. என்ர கையை நானே நம்பேலாமக் கிடக்கு," என்று அனுப்பிவிட்டார்.

சிங்கராசாவின் வண்டி படலையைத் தாண்டியதும், அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்த ஆப்பை எடுத்துவந்து அவர் முன் வைத்தேன்.

"நான்தான் கழட்டினனான்."

அடிப்பார் என்று நின்றேன். அவர் ஆப்பைத் திருப்பிப் பிறையைத் தடவினார்.

"அப்ப அடிச்சிருக்கிறன்," என்றார்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரச்சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்த ஆப்போடு முதலில் றஹீமா வீட்டுக்குத்தான் போனார்.