மச்சானின் பச்சை ஸ்பிரிங்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. டேரிலின் பொறாமையில், என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நானே நம்பவில்லை. சரி, என்னுடையதிலும்தான்.

போன குளிர்காலத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் என் கதை ஒன்றை வாசித்தேன். கேட்க வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர். அதே வாரம், உறைந்த ஏரியின் மேல் ஸ்னோமொபைல் எனும் இரண்டு பனிவண்டிகள் நேர்கோட்டில் சீறுவதைப் பார்க்க வடக்கு மினசோட்டாவில் பாதி ஜனம், இமை ஒட்டிக்கொள்ளும் குளிரில் நின்றது. ஓர் ஓட்டம் நான் தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிடும். என் கதை முக்கால் மணி நேரம்.

எதிர்வீட்டு டேரிலை எழுதுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

2

முதல் தொடக்கம்: "முடிவற்ற வெண்மையின் மௌனத்தில், மனிதன் தன்னையே தான்…"

(நிறுத்திவிட்டேன். இங்கே பனியை யாரும் பார்ப்பதில்லை, அள்ளிப் போடுகிறோம். மௌனம் என்பதும் பொய். எதிர்வீட்டில் இன்ஜின் ஓடுகிறது.)

இரண்டாவது: "டேரில் ஹாப்பலா ஓர் உன்னதக் கலைஞன்…"

(சந்தேகம். தன் கராஜுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'உந்துவிசை ஆய்வகம்'. ஆய்வகத்தில் பாதி இடம் மனைவி ஜோலீனின் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு.)

மூன்றாவது: டேரில் தன் மச்சானைத் தோற்கடிக்க வேண்டும்.

இது நிற்கும். மச்சான் ராய்ஸ், ஜோலீனின் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து ஏரிப் பந்தயத்தின் கடைசி ஓட்டத்தில் ராய்ஸ்தான் ஜெயிக்கிறான், டேரில் இரண்டாவதாக வருகிறான். எல்லைக் கோட்டருகே ஜோலீன் "போ, போ, போ" என்று கத்துவாள். பெயர் சொல்ல மாட்டாள். அது யாருக்கு என்று டேரில் இதுவரை கேட்டதில்லை. கேட்க அவசியமே இல்லாத ஒரு வருடம் அவனுக்கு வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

3

கொஞ்சம் இயந்திரம். இன்ஜினின் பக்கவாட்டில் கிளட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங். இன்ஜின் எவ்வளவு கத்திய பிறகு கிளட்ச், வண்டியை நகர்த்தும் பெல்ட்டைப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். பார்வைக்கு எல்லா ஸ்பிரிங்கும் ஒன்றே. மேலே பூசிய வண்ணத்தை வைத்துத்தான் எது என்ன பலம் என்று தெரியும். ஆகவே பந்தயத் திடலில், யாராவது அருகில் வந்தால் கிளட்ச் மீது ஒரு துணி விழும். பேச்சு நிற்காது. துணி மட்டும் விழும்.

சீசனின் இரண்டாவது சோதனை ஓட்டத்தன்று டேரில் ராய்ஸின் வண்டிப் பக்கம் போனான்.

"என்ன மாப்ள, வேவு பாக்க வந்தியா?"

"காப்பி குடிக்க வந்தேன் மச்சான்."

"காப்பி மேசை மேல இருக்கு. உன் கண்ணு கீழயே இருக்கே."

சிரித்துக்கொண்டே ராய்ஸ் திரும்பியபோது துணி நழுவியது. டேரில் பார்த்துவிட்டான். பச்சை.

4

மறுநாளே டேரிலின் வண்டியில் பச்சை ஸ்பிரிங். ஏரியோரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டாப்வாட்ச் ஜோலீன் கையில்.

"மொத சோதனையில பழைய ஸ்பிரிங்ல அண்ணன் நேரத்தையே முறியடிச்சிட்ட. இதுல கெளம்பறப்பவே இருமுது."

"ஸ்பிரிங்கச் சொல்லாத. காத்து கனமா இருக்கு."

"காத்து அது பாட்டுக்கு இருக்கு."

"உங்கண்ணன் போட்டிருக்கான்ல? அப்ப அதுதான் சரி."

"அப்ப அவனையே ஏத்திவிடு, ஓட்டட்டும்."

டேரில் கிளட்ச் எடைக்கட்டிகளை அரத்தால் ராவினான். கார்புரேட்டரைப் பிரித்தான். வண்டிக்கு அடியில் பனியைக் கவ்வும் பட்டையிலுள்ள ஆணிகளை ஒவ்வொன்றாகக் கூர் தீட்டினான். வண்டி இன்னும் இருமியது. ஸ்டாப்வாட்சில் ஏதோ கோளாறு என்றான். மனைவியை நம்பலாம், கடிகாரத்தை நம்பலாம், மச்சானின் துணிக்கடியில் பார்த்ததை விட எதை நம்புவது?

(இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருப்பானா என்று வாசகர் கேட்கலாம். எதிர்வீட்டில் இருக்கிறான்.)

5

ராய்ஸை வில்லனாக்க மிகவும் முயன்றேன். ஒரு வரைவில் மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. நெடுஞ்சாலை உணவகத்தில் காட்டரிசி சூப்பைக் கிளறியபடி என்னிடம் அவனே சொல்லிவிட்டான்.

"பச்சையா? எம் பொண்ணு சைக்கிளுக்கு வாங்கின பெயின்ட என் ஸ்பிரிங் மேல அடிச்சேன்."

"துணி?"

"நான்தான் இழுத்துவிட்டேன்."

"ஏம்ப்பா இப்படி?"

"ஜோலீன் போன் பண்ணா. அவன் ஓட்டின நேரத்தச் சொன்னா. இந்த வருசம் எம் புருசன் உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவான், பாத்துக்கன்னா. என் தங்கச்சி என்னப் பத்தி இவ்ளோ பெருமையா ஒரு நாளும் பேசினதில்ல." கரண்டியை வைத்தான். "எரிஞ்சுது."

பொறாமையைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான். எனக்கும் எரிந்தது.

"நீ கதை எழுதற ஆளு. இத எழுதிடாத," என்றான்.

(ராய்ஸுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் எழுதுவதற்கு இது ஒரு காரணம். மற்ற காரணங்கள் இதைவிட உயர்வானவை, பிறகு யோசித்துச் சொல்கிறேன்.)

6

முடிவு, முதல் வகை: டேரில் தோற்று, பொறாமை தீது என்று உணர்கிறான். (அடித்துவிட்டேன். அவன் எதையும் உணர்ந்து நான் பார்த்ததில்லை.)

இரண்டாம் வகை: பச்சை ஸ்பிரிங்கிலேயே ஜெயிக்கிறான். (இன்ஜின் சம்மதிக்கவில்லை.)

மூன்றாவது, சனிக்கிழமை ஏரிப் பந்தயத்தில் நடந்தது. ஜோலீனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். கதாசிரியன் கதைக்குள் நுழையக் கூடாது என்பார்கள், சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு. அவள் நேராகக் கணவனிடம் போனாள். கையுறையைக் கழற்றி, கோட்டுப் பையிலிருந்து பழைய ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினாள்.

"இதப் போடு. அண்ணன் வண்டில நீ பாத்த பச்சை வெறும் பெயின்ட். அவன் வேல."

"எதுக்கு அப்படிச் செஞ்சான்?"

"உன் நேரத்த நான்தான் அவன்கிட்டச் சொன்னேன். பெருமைக்கு. பயந்துட்டான்."

கடைசி ஓட்டத்துக்கு முன் மாற்றிவிட நேரமிருந்தது. டேரில் ஆசைப்பட்ட எல்லாமே அவனுக்கு எதிரில், ஒரு கை தூரத்தில் நின்றது.

அப்போது பனிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் தன் கிளட்ச் மேலிருந்த துணியை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டான். வேலையாகவா, வேண்டுமென்றேவா, எனக்குத் தெரியாது. உள்ளே சிவப்பு தெரிந்தது.

டேரிலின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

"செவப்பா?" என்றான், யாரிடமும் இல்லாமல்.

நான்கு வரைவுகளில் அந்தக் கழுத்தை மனைவி பக்கம் திருப்பிப் பார்த்தேன். என்னால் ஆகவில்லை. நீங்கள் திருப்புங்கள். ஆனால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஜோலீன் இந்தக் குளிரில் வெறுங்கையில் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.