ஏழு மணி மார்க்கு

தேவயானிக்கு வந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். மலைக்கிராமமான நெல்லிவாசலில் அவளைத் தவிர யார் வாயிலும் அது நுழையவில்லை. நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் என்றார் டாக்டர். கால் மரத்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்; புத்தி ஓரிடத்தில் நிற்காததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் வேலைபார்க்கும் அங்கன்வாடியில் பதினான்கு பிள்ளைகளை எண்ணத் தொடங்கினால் ஒன்பதிலேயே கணக்கு காணாமல் போகும்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புத்தியை ஓரிடத்தில் நிறுத்தப் பழக லேப்டாப்பில் ஒரு விளையாட்டு போட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு வட்டம் மணிச் சத்தத்தோடு வந்தால் பொத்தானைத் தட்டவேண்டும். சத்தமில்லாமல் வந்தால் சும்மா இருக்கவேண்டும். தினமும் அரைமணி, எட்டு வாரம். மார்க்கு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

"இன்னாடி இது, எருமைகூட ஆடும்" என்றான் ஷேர் ஜீப் ஓட்டும் அவள் கணவன் கோபால்சாமி.

ஐந்தாம் வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சியாளர் சபா போன் செய்தாள். "அக்கா, நாலு நாளா உங்க மார்க்கு ரொம்ப எறங்கிடுச்சு. நோய் திரும்பக் கெளம்பியிருக்கலாம். நாளைக்கே வாங்க."

மறுநாள் மலையிறங்கும் வரை தேவயானி தொடையைக் கிள்ளிக் கிள்ளி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். ஜீப்பை ஓட்டிய கோபால்சாமி ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சபா கணினியில் பட்டியலைக் காட்டினாள். "காலைல எழுபது எடுக்கறீங்க. சாயந்தரம் ஏழு மணிக்கு முப்பத்தொண்ணு. அந்நேரத்துல இன்னா ஆவுது?"

"அந்நேரம் நான் அசந்து படுத்துக் கெடப்பேனே!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். கோபால்சாமி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"சும்மா... எப்டி கீதுன்னு பாத்தேன்."

"வட்டமே வராதப்போ நூத்திப்பத்து வாட்டி தட்டியிருக்கீங்கண்ணே."

"அய்யோ, இந்தாளா தெனமும் இருபது பேரை ஏத்திக்கினு கொண்டை ஊசி வளைவுல வர்றாரு?" தேவயானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் முட்டியது. அப்புறம்தான் கோபம் வந்தது. "ராத்திரி பூரா கண்ணு மூடலையே நான்! நேத்தே ஒரு வார்த்தை சொன்னா இன்னா, நாக்கா தேஞ்சிடும்?"

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு "ஹாரன்" என்றாள். அவனும் அடித்தான்.

எட்டாம் வாரம் அவள் எழுபத்தெட்டு எடுத்தாள். கால் மரப்பு அப்படியேதான் இருந்தது. கோபால்சாமி தனக்கும் ஒரு லேப்டாப் கேட்டான். நோயாளிகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள் சபா.

"எல்லாத்துக்கும் சிபாரிசு வேணும்" என்று ஒரு வாரம் முனகினான்.