கைப்பம்பில் ஒரு டம்ளர் தண்ணீர்

மறுநாள் விடியற்காலை மகள் கிளம்புகிறாள். பாய்மரப் படகில் முப்பது நாள் பயணம், முதல் தடவையாக அப்பா இல்லாமல். சமையலறை மேசையில் பரப்பியிருந்த அவளுடைய சாமான்களுக்கு நடுவே அப்பா தன் பழைய கைப்பம்பைக் கொண்டுவந்து வைத்தார். படகு கவிழ்ந்து கடலில் தத்தளிக்கும்போது உப்புநீரைக் குடிநீராக்கித் தருகிற கருவி. அவர் தருவதாகச் சொன்னதால் அவள் புதிது வாங்கவில்லை.

“பத்திரம், கேப்டன். இதுக்காகத்தான் உங்கம்மா என்னைக் கட்டிக்கிட்டா.”

“ஆமா, பம்பைப் பார்த்துக் கட்டிக்கிட்டேன். ஆளைப் பார்த்திருந்தா யோசிச்சிருப்பேன்,” என்றாள் அம்மா.

சொல்லும்போதே அவளுக்கு அந்தப் பட்டறை கண்ணில் வந்து நின்றது. படகுகளின் அவசரக் கருவிகளைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது அப்போது அவள் வேலை. யாரோ வாங்கிய படகுகளை ஊர்விட்டு ஊர் ஓட்டிப்போய்ச் சேர்க்கிற இளைஞன் ஒருவன், பம்போடு வந்தான். ஒரு டம்ளர் நிறையக் கால்மணி நேரம் விடாமல் அடிக்க வேண்டும். அவனே உட்கார்ந்து அடித்தான். வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அதே பம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தான். மூன்றாம் முறை வந்தபோது மேற்பார்வையாளர், கோளாறு பம்பில் இல்லை தம்பி என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்று அவள் சிவந்தது காதுவரைக்கும்.

அப்பா ஓய்வுபெற்றபோது அந்தப் பம்புக்கு உப்பை வடிகட்டும் புதுச் சவ்வு மாட்டி, கெடாமலிருக்க மருந்தேற்றி மூடிக் கொடுத்தவளும் அவள்தான். எதற்கும் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்றாள்.

“எதுக்கு? ஒவ்வொரு கல்யாண நாளைக்கும் நானே எடுத்துக் கழுவி வைக்கிறேன்.”

அம்மா சட்டென்று திரும்பினாள். “எதுல கழுவுனீங்க?”

“குழாய்த் தண்ணியிலதான். நல்லா அடிச்சு அடிச்சு.”

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சவ்வை அரித்துவிடும். பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொன்னவள், வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னதில்லை. மூடி வைத்ததை இவர் திறப்பார் என்று யார் கண்டது?

படகுத்துறையிலிருந்து மகள் ஒரு வாளி கடல்நீர் கொண்டுவந்தாள். அப்பா அடித்தார். தண்ணீர் கண்ணாடி போலத்தான் சொட்டியது. ஒரு வாய் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் விழுங்கும்போது அவர் தொண்டை ஒரு நொடி தயங்கியது. அம்மா உப்பளவு காட்டும் மீட்டரை டம்ளரில் விட்டாள். குடிநீருக்கு ஐந்நூறுக்குள் நிற்க வேண்டிய எண் நாலாயிரத்தைத் தாண்டி ஓடியது.

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் ஆசை ஆசையாகச் செய்ததே அதைக் கெடுத்தது என்று அம்மா எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் நாளை பிள்ளை இதை நம்பித்தான் போவாள்.

“சவ்வு போயிடுச்சுங்க,” என்றாள் அம்மா மெதுவாக. “குழாய்த் தண்ணி அதுக்கு ஆகாது. உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்.”

அவர் பம்பின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை, வழியில் முதல் துறைமுகத்தில் புதிது வாங்கிக்கொள்கிறேன் என்றாள் மகள். அவர் தலையாட்டவில்லை. அன்று ஞாயிறு. புதுச் சவ்வு கிடைக்கும் பட்டறையை இனி நாளை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த மகள் பிறந்த அன்றுகூடக் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போடாத மனிதர், எழுந்துபோய்த் துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

“படகு நாளன்னிக்குத்தான் கிளம்பும். இல்லைங்க, படகுல ஒரு குறையும் இல்லை. தப்பு என்னோடது.”