பதினொரு சுகோய்களின் நீலம்

அவரைத் தெருவில் எல்லாரும் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தைந்து வருடம் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுத்தவர். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டவில்லை என்று அவர் செய்த பல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. பிள்ளை இல்லை. ஓய்வு பெற்றபின் முன்னறை முழுக்க ரஷ்யப் போர் விமானங்களின் சிறு மாதிரிகள்தான். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிப்பார். மிக் ரகமும் உண்டு; ஆனால் மனம் போனதெல்லாம் சுகோய்-27 மேல். அலமாரியில் அது மட்டும் பதினொன்று.

அதன் நீலங்களுக்கென்றே மூன்று பாட்டில் கொண்ட செட் கடையில் கிடைக்கும். அதை அப்படியே அடிக்க அவருக்கு மனம் ஒப்பாது. "என்ன இது, பழுப்படிச்சுப் போய்க் கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடர்நீலம் பத்துச் சொட்டு கலந்து, தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து அடிப்பார்.

இரண்டு கண்ணிலும் புரை இருந்தது; இந்த வருடம் வலது கண்ணில் முற்றிவிட்டது. அறுவைசிகிச்சைக்குத் தனியாகத்தான் போனார். "கூட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டபோது, "வெளிய நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். இருபது நிமிட வேலைக்கு ஆள் எதற்கு?

மறுநாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்து அலமாரியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதினொரு விமானமும் பிளாஸ்டிக் வாளி மாதிரி பளீரென்று நீலமாக இருந்தன. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். எல்லாம் பழையபடி சரியாக இருந்தது. வலது கண்ணால் பார்த்தால் வாளி. சுவர்கூட வலது கண்ணுக்கு வெள்ளை, இடது கண்ணுக்குத் தேநீர்க் கறை.

இத்தனை வருடமாகப் புரைதான் எல்லாவற்றின்மேலும் மஞ்சளைப் பூசியிருக்கிறது. அதைச் சரிக்கட்டத்தான் அவர் நீலத்தை ஊற்றியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனார். கடைக்காரம்மா அந்த மூன்று பாட்டிலையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து காட்டினாள். பழுப்பாவது ஒன்றாவது! அதிகாலை வானம்போல் அடக்கமான நீலம்.

"கூட அடர்நீலம் வேணுமா சார், எப்பவும்போல?"

"வேணாம்மா. இவ்வளவு நாளா அதை எதுக்கு வாங்குறேன்னு நீ கேக்கவே இல்லையே?"

"நீங்க வருவீங்க, வாங்குவீங்க, போயிடுவீங்க. எங்க சார் பேச விட்டீங்க?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் ஒருவன் வாய்விட்டுச் சொல்லியே இருந்தான்.

அவருடைய தம்பி விமானத் தளத்தில் மெக்கானிக்காக இருந்தவன். நிஜ சுகோயின் வயிற்றுக்கடியில் படுத்து வேலை செய்தவன். ஏழு வருடத்துக்கு முன் வந்தபோது ஒரு விமானத்தைக் கையில் எடுத்து, "நீலம் ஜாஸ்தியா இருக்கே அண்ணே" என்றான். நிறம் பார்த்தே பிழைத்தவரிடம் நிறத்தில் குறை! அவருக்குச் சுர்ரென்று ஏறியது. விமானத்தை அவன் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார். அதன்பின் அவனோடு பேசவே இல்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போகவில்லை.

அன்று மதியம் தம்பிக்குப் போன் போட்டார்.

"அலோ, யாரு?"

"நான்தான்டா."

"நான்தான்னா யாருங்க?"

"உன் அண்ணன்டா."

"அண்ணே! போன் மாத்தினதுல நம்பரெல்லாம் போயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். நல்லாருக்கு. நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி."

"என்ன சொன்னேன்?"

"சுகோய்க்கு நீலம் ஜாஸ்தின்னு சொன்னியே."

"நானா? எனக்கு ஞாபகமே இல்லையே அண்ணே. அதுக்காகவா கல்யாணத்துக்கு வரல? உங்களுக்கு ஏதோ வேலைன்னுல்ல நெனச்சுக்கிட்டோம்."

தம்பியும் கோபத்தோடு இருக்கிறான் என்று ஏழு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அங்கே கோபமே இல்லை. அவர் இல்லாதது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரேண்ணே" என்றான் தம்பி. ஞாயிறு வந்தது, தம்பி வரவில்லை. முழங்கால் வீக்கம், படி ஏற முடியவில்லை என்று செய்தி அனுப்பினான்.

பல்லுக்காரர் ஒரு சுகோயை எடுத்து, பழைய வண்ணத்தைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். பாட்டில் நீலத்தில் வேறெதையும் கலக்காமல் மெல்ல மெல்ல மூன்று பூச்சு அடித்தார். இடது கண் நச்சரித்துக்கொண்டே இருந்தது, அதை மூடிக்கொண்டார். நன்றாகக் காய்ந்ததும் அட்டைப் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார்.

"கேக்கா? பொறந்த நாளா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"இல்லம்மா, விமானம்" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பெட்டியைப் பிரித்தவன் விமானத்தோடு நொண்டிக்கொண்டே முற்றத்து வெயிலுக்குப் போய்விட்டான்.

"அண்ணே, இதான் நீலம்! இங்க வந்து பாருங்க!"

அவர் கூடத்திலேயே நின்றார். சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மணமக்களைச் சுற்றி மொத்தக் குடும்பமும் தோளோடு தோள் நெருக்கி நின்றது. தனக்கு எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று தேடினார். ஒரு ஆள் நுழைய எங்கும் இடைவெளி இல்லை.

"உக்காருங்க மாமா, தண்ணி கொண்டு வரேன்" என்றாள் தம்பி மனைவி. முற்றத்திலிருந்து தம்பி மறுபடியும் கூப்பிட்டான். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "வரேன்டா" என்றார்.