ஆள் கணக்கு சரி

2010 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலங்குப் பூங்காவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய ஒரகடம் கம்பெனி பஸ்ஸில், பேச்சிராஜின் சீட்டில் ஒரு கரடி உட்கார்ந்து வந்தது. சிவபூஜையில் கரடி நுழைந்தால் நாலு பேர் விரட்ட வருவார்கள். இது காண்ட்ராக்ட் ஆட்களின் பஸ்ஸில் நுழைந்த கரடி, யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் பகலவன் வழக்கப்படி படியில் நின்று மஞ்சள் தொப்பிகளை எண்ணினார். கூட்டிப் போன தொப்பிகள் எல்லாம் திரும்பியிருந்தன. டிரைவரிடம், போகலாம் என்றார்.

சுற்றுலாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பொங்கலுக்காவது தங்களைப் பெர்மனென்ட் ஆக்கும்படி காண்ட்ராக்ட் பையன்கள் கேட்டிருந்தார்கள். நிர்வாகம் நன்றாக யோசித்து, ஆளுக்கொரு தொப்பியும் புளியோதரைப் பொட்டலமும் கொடுத்து, புலி கரடியெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தது. வீட்டில் ஒருவரைக் கூட்டிவரலாம் என்ற தாராளமும் இருந்ததால், பேச்சிராஜின் அக்கா கனகலட்சுமி, குடும்பத்தாருக்கென்று விட்ட தனி பஸ்ஸில் ஏறினாள். தாய் செத்தபின் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தம்பியை அழைத்து வந்து, வடக்குப்பட்டில் ஒற்றை அறை பிடித்து, அவனுக்குப் பொங்கிப்போட்டவள் அவள். அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டால், பேக்கிங் வேலையில் நின்று நின்று வீங்கிய காலைத் தானும் நீட்டிக்கொள்ளலாம் என்று இருந்தாள். கம்பெனியோ வருஷாவருஷம் அவனை இரண்டு நாள் நிறுத்திவிட்டு, மறுபடி புது ஆள் என்று சேர்த்துக்கொண்டது. நாலு வருஷமாக அவன் புது ஆள்.

அன்றைக்கு அவன் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். மற்றவர்கள் புலியைத் தேடிப் போக, அவன் கரடிப் பள்ளத்தின் சுவரில் கையூன்றி நின்றுவிட்டான். பனி விலகி வந்த இளவெயிலில் கரடி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. "எம்புட்டு நிம்மதியாத் தூங்குது பாருக்கா" என்றான். கனகலட்சுமி குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது அவனைக் காணோம். கூட்டாளிகளோடு போயிருப்பான் என்று நினைத்தாள். சாயங்காலம் ஒரகடத்தில் பஸ்கள் நின்றபோதுதான், அவனுடைய தொப்பியையும் சட்டையையும் போட்டுக்கொண்டு கரடி இறங்குவதைப் பார்த்தாள். தம்பி எங்கே என்று பகலவனை மறித்துக் கேட்டாள்.

"தோ கீறானேம்மா" என்றார் அவர். "ஆள் கணக்கு சரியா கீது. இன்னா பிரச்சினை உனக்கு?"

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஓடினாள். விலங்குகளுக்குத் தீனி வைக்கும் கன்னியப்பன் நல்ல மனிதர், கூடவே வந்து காட்டினார். பள்ளத்தில் அதே வெயிலில் பேச்சிராஜ் மல்லாந்து கிடந்தான். தானும் காலையில் எண்ணிப் பார்த்ததாகவும், உள்ளே இருக்கவேண்டியது ஒன்று, ஒன்று இருக்கிறது, வைத்ததைச் சாப்பிடவும் செய்கிறது என்றும் கன்னியப்பன் சொன்னார். அக்காவின் சத்தத்துக்குப் பேச்சிராஜ் பாதிக் கண் திறந்தான். "நாலு வருஷத் தூக்கம்க்கா. தூங்கி முடிச்சிட்டு வாரேன்" என்று புரண்டு படுத்தான். அவள் சுவரைத் தட்டித் தட்டித் திட்டினாள். ஆனாலும் அவன் முகம் அவ்வளவு தெளிந்து கிடந்து அவள் பார்த்ததில்லை. எழுப்ப மனம் வராமல் பஸ் ஏறினாள்.

கரடி பிரஸ் ஷாப்பில் தகடு வைத்தது, எடுத்தது. பாத்ரூமுக்குப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. ஊரில் கோவில் கொடை என்று லீவு சொல்லவில்லை. ஓ.டி. என்றால் முகம் சுளிக்கவில்லை. வேலை முடிந்ததும் வடக்குப்பட்டு அறைக்கு வந்தது. வீட்டுக்கார அம்மாள் ராஜம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் கூடினால்தான் வாடகைப் பேச்சு, அதே இரண்டு பேர்தானே என்று போய்விட்டாள். முதலில் கொஞ்ச காலம் கனகலட்சுமி அதற்குச் சோறு போடவில்லை, முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அது வாசற்படியில் உட்கார்ந்து, கிடைத்ததைத் தின்றது.

மறு வருஷ மழைக்காலத்தில் பிரஸ் இறங்கி, கரடியின் வலது கையில் இரண்டு விரல்கள் நகத்தோடு போயின. துணி சுற்றி அதே ஷிப்டில் லைனுக்கு அனுப்பினார்கள். வீட்டில் கனகலட்சுமி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தாள். தம்பியின் விரல்கள் அல்லவா போயிருக்கும் என்று முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டி, சோற்றைப் பிசைந்து, "தின்னுலே" என்று ஊட்டிவிட்டாள். அன்றிலிருந்து அது வீட்டுக்குள் படுத்தது.

2013 பொங்கலுக்கு முன் பேச்சிராஜைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். கனகலட்சுமி பூங்காவுக்குப் பறந்தாள். எத்தனை கூப்பிட்டும் எழாதவன், அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்து உட்கார்ந்தான். கன்னியப்பன் ஏணி போட்டு ஏற்றிவிட்டு, காலியான இடத்துக்கு யாரிடம் என்ன சொல்வது என்று தலையைச் சொறிந்துகொண்டார். அக்காவும் தம்பியும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். பேச்சிராஜ் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது, நீ யார் என்று செக்யூரிட்டி கேட்டார். பகலவன் வந்து முகத்தைப் பார்த்தார், அடையாளமும் தெரிந்தது.

"ஒரு இடத்துக்கு ஒரு ஆளுதாம்பா" என்றார். "அவன் ஒரு நாள் லீவு போட்டதில்ல. கை போனப்ப கூட வாய் தொறக்கல. நீயா இருந்தா சும்மா இருந்திருப்பியா?"

சும்மா இருந்திருக்கமாட்டான் என்பது பேச்சிராஜுக்கே தெரியும். கனகலட்சுமி கேட் முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். செக்யூரிட்டி தண்ணீர் தெளித்து இடத்தைப் பெருக்கச் சொன்னார். வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தார்கள். இருபத்தாறு தாண்டியவனை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் தொடுவதாக இல்லை. "அங்கனயாவது எனக்குன்னு ஒரு எடம் இருக்குக்கா" என்று சொல்லி, அவன் பூங்காவுக்கே திரும்பினான். நாலு நாளாகக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்த கன்னியப்பனுக்கு உயிர் வந்தது.

அடுத்த ஜனவரியில் பெர்மனென்ட் ஆட்களை, வீட்டில் ஒருவரோடு, அதே பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். தொப்பி மட்டும் நீலம். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த கரடி, பள்ளத்துச் சுவரோரம் வெயில் விழுந்த இடத்தில் சாய்ந்து, சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சிராஜ் தூங்கினான். கனகலட்சுமி வீட்டில் கிளறிக் கொண்டுவந்த புளியோதரையை இரண்டாகப் பங்கிட்டு வைத்துக்கொண்டு, இருவரும் எழட்டும் என்று காத்திருந்தாள். பஸ் ஹாரன் அடித்தது. ஒரு தொப்பி குறைகிறது என்று பகலவன் தூரத்திலிருந்து கத்தினார். அவள் தம்பியின் பங்கைப் பள்ளத்துக்குள் இறக்கிவைத்தாள். அவனைத் தூங்க விட்டாள். பிறகு குனிந்து, விரல் போன அந்தக் கையைத் தொட்டாள்.

"எந்திரிலே. வேலைக்கு நேரமாச்சு."

கரடி எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் பஸ்ஸைப் பார்த்து நடந்தது.